வண்டி வந்துவிட்டது

போர்த்தோ நகரத்து மழைக்குக் கணக்கில்லை.
குவிந்தேலாவின் மாடியறையில்
ஒழுகலுக்கு மூன்று வாளிகள்,
ஒரே ஒரு கணப்பு,
அதன் சூடு அவர் முதுகுக்கு.
எனக்கு மணிக்கு இருநூறு ரெய்ஸ்.
கொட்டாவி விட்டால் பிடித்தம்.

அப்போது நான் நாடகக் கம்பெனியில்
கதவு திறக்கும் வேலைக்காரி.
மூன்று அங்கங்களுக்கும் சேர்த்து எனக்கு ஒரே வசனம்:
"வண்டி வந்துவிட்டது, அம்மா."
சொல்லிவிட்டு விலக வேண்டும்.
கைதட்டல் வந்தால் அது
எனக்குப் பின்னால் வருகிறவளுக்கு.

பகலில் அவர் என்னை அரசியாக்கினார்.
தகர முடி. உடைந்த நாற்காலியில் சிம்மாசனம்.
கம்பெனி உடுப்பறையில் இரவல் வாங்கிய
சிவப்பு வெல்வெட்.
அதையேதான் இரவில் கதாநாயகி உடுத்துவாள்,
என் வியர்வையின் ஈரம் காய்வதற்குள்.
"யார் இதில் மீன் தின்றது?" என்று
ஒருநாள் கத்தினாள்.
நான் கதவைத் திறந்தேன்.

அசையாதே தெயோலிந்தா, என்பார் ஓவியர்.
கால் மரத்தது. அசையவில்லை.
மூக்கு நுனியில் ஈ. அசையவில்லை.
மேடைப் பொறிக்கதவில் நசுங்கி
கோணிப்போன என் இடது சுண்டுவிரலை
அப்படியே வை, அழகு, என்றார்.
வைத்தேன்.
வாய் மட்டும் கேட்கவில்லை.

வண்டி வந்துவிட்டது, அம்மா.
சலிப்பாக ஒருமுறை.
வண்டியில் இருப்பவனை எனக்கும் தெரியும் என்பதுபோல் ஒருமுறை.
இந்த வீட்டில் இனி விளக்கேற்ற ஆளிருக்காது என்று
அறிந்தவளாக ஒருமுறை.
நாற்பது விதம் வைத்திருந்தேன்.
மேடையில் ஒன்றுக்குத்தான் இடம்.

"உன் தொண்டை ஓடுகிறது" என்றார்.
பிறகு அலுத்துப்போய்
ஓடுகிறபடியே வரைந்தார்.

படத்தை ஒரு வங்கிக்காரர் வாங்கினார்.
அரசி நன்று,
முகம் மட்டும் என் மனைவி எவுஃப்ராசியாவுடையதாக இருக்கட்டும் என்றார்.
மூன்று நாளில் என்னைச் சுரண்டி எடுத்தார்கள்.
விலை பேசியது முகத்துக்குத்தான்.
தாடைக்குக் கீழே யாரும் தொடவில்லை.

அப்புறம் என்ன.
வெல்வெட்காரி ஒரு காப்பி வியாபாரியோடு
பிரேசிலுக்குக் கப்பலேறினாள்.
அன்றிரவு அவள் வசனம் முழுக்கத் தெரிந்தவள்
கதவருகில் நின்றுகொண்டிருந்தாள்.
பதினோரு வருடம் ஆடினேன்.
பிராகாவில் பூ எறிந்தார்கள்,
வியானாவில் ஒரு செருப்பு, ஒற்றைச் செருப்பு,
நல்ல தோல்.
இரண்டு குழந்தைகள், ஒன்று தங்கியது.
பற்கள் போனபோது
சொற்களும் ஓரம் கரைந்து போயின.

இப்போது மேடைக்கு அடியில்
பெட்டிக்குள் உட்கார்ந்து வசனம் எடுத்துக்கொடுக்கிறேன்.
மெழுகுவர்த்தி, பிரதி, போர்வை.
மறந்து நிற்பவர்களின் முழங்கால்கள்
எனக்கு முகத்தைவிடப் பழக்கம்.
முதலில் நடுங்குவது வலதுதான்.

ஞாயிற்றுக்கிழமை அருங்காட்சியகம் இலவசம்.
வங்கி திவாலானபோது படம் இங்கே வந்திருக்கிறது.
எவுஃப்ராசியா உதடுகளை அழுத்தி மூடியிருக்கிறாள்,
சாவிக்கொத்தை வாயில் ஒளித்தவள்போல.
மடியில் என் சுண்டுவிரல்.
அதற்கு மேலே,
முத்துமாலைக்கு நடுவே,
தொண்டைக்குழி மேலேறி நிற்கிறது.
மூடிய வாய்க்குக் கீழே
பாதிச் சொல்.
எந்தச் சொல் என்று எனக்குத் தெரியும்.
"வந்து" வரை வந்திருக்கிறது.

இந்த ஊர்ச் சீமாட்டிகள் நின்று
என்ன கம்பீரம் என்கிறார்கள்.
முப்பது வருடமாக ஓர் அரசி
யாருக்கோ வண்டி வந்ததைச் சொல்ல முயல்கிறாள்.

கயிற்றைத் தாண்டாதீர்கள் என்றான் காவலாளி.
பிறகு, கொஞ்சம் இரக்கமாக,
தெரிந்தவரா, என்றான்.

கழுத்து வரைக்கும், என்றேன்.

வெளியே மழை.
டிராம் போய்விட்டிருந்தது.
நடந்தேன்.