சுமையோடு அளந்தது

மருதானைப் பாலம் ஏற மறுக்கிற கார்.
முதல் படியில் கால் வைக்காமல்
மூன்றாம் படிக்குத் தாவுகிறவன் போல
மூன்றாம் கியரிலேயே புறப்பட்டு
பாதியில் நின்று இழுக்கிறது.

"பெட்டி முடிஞ்சிச்சு அக்கா" என்கிறான் நவ்பர்.
பஞ்சிகாவத்தையில் அவன் கடை வாசல் முழுக்க
கப்பலில் வந்திறங்கிய கியர்பெட்டிகள்,
எண்ணெய் வடிய, ஒன்றன்மேல் ஒன்றாய்.
இரண்டு லட்சத்து எண்பதாயிரம். பூட்டுக் கூலி வேறு.
அதில் எனக்கும் ஒரு துண்டு உண்டு.
அவன் சொல்லமாட்டான், நான் கேட்கமாட்டேன்,
மாதக் கடைசியில் கடித உறையில் வரும்.

காருக்குச் சொந்தக்காரர் விஜேதுங்க.
தபால் கந்தோரில் வேலை.
பின்சீட்டில் ஒரு பிள்ளையின் ஒற்றைச் சப்பாத்து.
தொகையைக் கேட்டதும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஒரு மணித்தியாலம் தாருங்கள் என்றேன் சிங்களத்தில்.

சாவி ஓன். எஞ்சின் ஓஃப். லீவர் 'டி'யில்.
சொக்கற்றைக் கழற்றிச் சிவப்பு முனையை வைத்தேன்.
பன்னிரண்டு தசம் மூன்று.
இந்த இடத்தில்தான் மீற்றரைச் சுருட்டி வைப்பார்கள்:
கரண்ட் வருகிறது, ஆகவே பெட்டிதான் பிழை.
மூன்று வருடம் நானும் அப்படிச் சுருட்டினேன்.
அவை யார் யாருடைய பெட்டிகள் என்று
நினைக்காமல் இருக்கவும் பழகினேன்.

சொலனொய்டின் தடை பதின்மூன்று ஓம்.
அதன்மேல் குற்றமில்லை.
சொக்கற்றைத் திரும்பப் பூட்டி
வயரின் முதுகுப்பக்கமாய்க் குண்டூசி ஏற்றி
மறுபடி பார்த்தேன்.
நாலு தசம் ஒன்று.

வேலை இல்லாதபோது பன்னிரண்டு காட்டுகிற வயர்
வேலை கொடுத்ததும் நாலுக்கு இறங்குகிறது.
இதற்கு நான் உவமை சொல்லப்போவதில்லை.
நவ்பர் பக்கத்தில்தான் நிற்கிறான்.

டாஷ்போட்டுக்கு அடியில் மல்லாந்து கிடந்து
கம்பியூட்டரின் வாயில் அளந்தேன்:
பதினொன்று தசம் ஒன்பது.
அனுப்பினவன் ஒழுங்காய்த்தான் அனுப்பியிருக்கிறான்.
வழியில் ஏழு தசம் எட்டை யாரோ தின்கிறார்கள்.

பற்றரித் தட்டுக்குக் கீழே கறுப்பு ரேப் சுற்றிய ஒரு வீக்கம்.
பிரித்தேன்.
செம்பு இல்லை, பச்சைத் தூள்.
இரண்டே இரண்டு இழை மிச்சம்.
சுற்றிவர மாவு போன்ற மெல்லிய சேறு.
ரோட்டுச் சேறு இப்படி இராது.
வெல்லம்பிட்டியில் ஆறு வீட்டுக்குள் வந்த வருடம்
அலுமாரியின் கீழ்த்தட்டில் நான் கழுவியது இது.

"தண்ணீருக்குள் நின்ற காரா?"
"ஒரு சொட்டும் படவில்லை என்று
சத்தியம் பண்ணித்தான் விற்றார்கள்."
குனிந்து அந்த வயரையே பார்த்தார்,
விற்றவனின் முகம் அதில் இருப்பதுபோல.

அரை முழம் புது வயர். கொஞ்சம் ஈயம். மேலே ஓர் உறைக்குழாய்.
பதினொன்று தசம் ஏழு.
பாலத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று
ஒழுங்காய் ஏறி இறங்கி வந்தோம்.
நவ்பரைக் காணவில்லை,
தேத்தண்ணி குடிக்கப் போயிருப்பான்.

ஆயிரத்து ஐந்நூறு.
எண்ணித் தந்தார். தந்தும் போகவில்லை.
"மற்ற வயர்கள்?"

மீற்றர் கையில்தான் இருந்தது,
அணைக்க மறந்திருந்தேன்.
இரண்டு முனையும் காற்றில் தொங்க,
பூச்சியத்துக்குக் கிட்ட இலக்கங்கள்
ஒன்றிலும் நில்லாமல் துடித்துக்கொண்டிருந்தன.