முந்நூற்று நாற்பது தையல்

யெர்கோ குசானொவிச் கொண்டுவந்தது
மூன்றாய் மடித்த ஒரு காகிதம்.
நண்டு பிடிக்கும் ஏழு பேர்
சேர்ந்து தொடங்கிய சங்கத்தின் சின்னம்.
புந்தா அரேனாஸ் காற்றில்
என் கடைக்கதவைச் சாத்த
அவருக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது;
காகிதத்தைப் பல்லில் கடித்திருந்தார்.

அதில் இல்லாதது இல்லை.
முள் எண்ணி வரைந்த ஒரு செந்நண்டு.
கலங்கரை விளக்கம், அதன் ஒளி
மஞ்சளில் தொடங்கி
ஒன்றுமில்லாததில் கரைந்தது.
அலை. அலைக்குள் அலை.
அடியில் எறும்புச் சாரியாய்
ஏழு பேரின் பெயர்கள்.

"ஒன்பது சென்டிமீட்டர்" என்றார்
இடது மார்பைத் தொட்டு. "இங்கே."

நூலுக்குக் கரையத் தெரியாது என்றேன்.
நூல் இருக்கும், இல்லாவிட்டால் இருக்காது.
மெல்ல மெல்ல மங்குவதெல்லாம்
காகிதத்தின் சொகுசு.
ஐந்து மில்லிமீட்டருக்குக் கீழே போனால்
எழுத்தின் வயிறு
பாழுங்கிணறு மாதிரி தூர்ந்துபோகும்;
உங்கள் பெயரெல்லாம்
கம்பளிப்பூச்சியாய் ஊரும்.

மீசையை ஒருமுறை நீவிக்கொண்டார்.
பெயர்கள் போயின.
அவருடையதும்தான்.

ராத்திரி ஹீட்டரைக் காலருகே இழுத்து
திரையில் உட்கார்ந்தேன்.
நண்டுக்கு நாற்பத்தாறு முள்;
பதினொன்றை விட்டுவைத்தேன்.
காலுக்குச் சாட்டின் தையல்,
ஓட்டுக்கு நிரப்புத் தையல்,
இரண்டும் சேருமிடத்தில்
ஒன்றை மற்றதன்மேல் கொஞ்சம் ஏற்றிவிட்டேன்.
துணி இழுபடும்.
அசந்தால்
நண்டுக்கும் அதன் காலுக்கும் நடுவே
சட்டை எட்டிப்பார்க்கும்.

அடியில் ஒரு வலைத்தையல், யார் கண்ணிலும் படாதது.
அது இல்லையென்றால்
கம்பளி ஜாக்கெட்டின் ரோமம்
விளக்கத்தை உயிரோடு விழுங்கிவிடும்.

வட்டம் வேண்டுமென்றால் வட்டம் வரையக் கூடாது.
நூல் தன் பக்கம் இழுக்கும்.
முட்டையாய் வரைந்து கொடுத்தால்
துணியில் வட்டமாய்ப் பிறக்கும்.
அதனால் என் திரையில் எல்லாமே கோணல்.
எதிர்க்கடை நெல்டா எட்டிப் பார்த்து
"கண்ணைக் காட்டிக்கொண்டு வாயேன்" என்பாள்.

கடைசியில் அழுக்கெடுத்தேன்.
மடிப்புக் கோடு, விரல் ரேகை,
விளக்கத்துக்கு இடப்புறம் நீர்மட்டத்தில்
பழுப்பாய் ஒரு காப்பிக் கறை.
ஒரு சொடுக்கு. போயிற்று.

சோதனைத் துண்டை
ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.
நண்டைத் தடவினார். விளக்கத்தைத் தடவினார்.
கட்டைவிரல் இடப்பக்கம் போய்
வெறும் துணியில் நின்றது.

"பாறை எங்கே?"

"எந்தப் பாறை?"

"முதலாளியின் படகை உடைத்ததே, அது.
விடியும்வரை அதன்மேல்தான் உட்கார்ந்திருந்தோம்
ஏழு பேரும்.
பல் தந்தியடிக்க, சங்கம் வைத்தது அங்கேதான்."

காப்பி என்று நான் சொல்லவில்லை.
விட்டுப்போயிற்று என்றேன்.

"சாம்பல் நூல் தனி, ஆறாவது நிறம்.
முந்நூற்று நாற்பது தையல் கூடும்.
விலையும்."

"பாறைக்குமா காசு?"

"நண்டுக்கு வாங்கினேனே."

சிரித்தார். கதவுவரை போனவர் திரும்பினார்.
"கொஞ்சம் அகலமாகவே போடு, எடெல்மிரா.
ஏழு பேர் உட்கார வேண்டும்."

அகலமாய்ப் போட்டதில்
நானூற்றுப் பன்னிரண்டு ஆயிற்று.
ரசீதில் முந்நூற்று நாற்பது.

காகிதத்தில் அது உருண்டைதான்.
நான் மேல்விளிம்பை மட்டும்
நூல் பிடித்தாற்போல் தட்டையாக்கினேன்.