வாங்கு

மார்கழி லீவுக்கு அட்டனிலிருந்து
மச்சான் குடும்பம் வந்து இறங்கியபோது
கையில் ஒரு பட்டியல் இருந்தது:
குளம், நூதனசாலை, பெரிய பள்ளிவாசல்.
குளத்தில் கொக்குகளை எண்ணினோம்.
நூதனசாலையில் மூக்குடைந்த கல்லுகளைச் சுற்றினோம்.
மூன்றாவதற்கு நானே வழிகாட்டி.
எந்த வாசலால் உள்ளே போவதென்று
எனக்கே தெரியாது.

அந்த மினாராவின் நிழல் வந்து தொடுகிற தூரத்தில்
வவுனியா பஸ் நிலையத்தில்
பத்தொன்பது வருடம் டைம்கீப்பர் நான்.
வாங்கில் இருந்தபடி வாங்கு கேட்பேன்.
எங்கள் பேச்சில்
குந்துகிற பலகைக்கும் தொழுகைக்கான அழைப்புக்கும்
ஒரே சொல்.
லுஹர் வாங்கு எழுந்ததும்
சுவர் மணிக்கூட்டின் முள்ளைத் தட்டிச் சரி செய்வேன்.
அது நாளுக்கு நாள் நகரும் என்பதால்
தொழுகை நேர அட்டையொன்று
மேசைக் கண்ணாடிக்குக் கீழே,
கதிர்காமக் கந்தனின் படத்துக்குப் பக்கத்தில்.

செருப்பைக் கழற்றினோம்.
மச்சாள் சேலைத் தலைப்பால் முக்காடு போட்டாள்.
மகள் கவிலாஷினிக்கு
மோதினார் உவைஸ் ஒரு வெள்ளைத் துணி தந்தார்.
ஹவுளில் தண்ணீர். அதற்குள் கறுப்பு மீன்கள்.
கால் கழுவ வருகிறவர்களின்
விரல்களைக் கடித்துப் பார்க்குமாம்.
பிள்ளைக்கு அதற்குப் பிறகு
குவிமாடமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம்.

நான் சுவரைப் பார்த்தேன்.
ஆறு மணிக்கூடுகள் வரிசையாக.
ஐந்தில் முள் அசையவில்லை,
அவை தொழுகை நேரங்கள்.
ஆறாவது ஓடிக்கொண்டிருந்தது.
தொழில் பழக்கம், என் கைமணிக்கூட்டோடு ஒப்பிட்டேன்.
ஒரு மயிர் வித்தியாசம் இல்லை.

"எதைக் கேட்டு நேரம் வைக்கிறீங்க?"
உவைஸ் வெட்கத்தோடு சிரித்தார்.
"ரேடியோ செத்துப் பல காலம்.
பன்னிரண்டு ஐந்து மன்னார் பஸ் ஹோர்ன் அடிச்சா
அப்படியே முள்ளைத் திருப்புவேன்.
அந்த டிப்போக்காரன் பிழைக்க மாட்டான்."

எனக்குச் சிரிப்பு வந்தது.
வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது.

கவிலாஷினி கைப்பேசியைத் தூக்கிக் காட்டினாள்.
"மாமா, ரெண்டு பேரும் நாலு நிமிசம் பிந்தி."

நாலு நிமிடம்.
நான் அவரைக் கேட்டு, அவர் என்னைக் கேட்டு,
எவ்வளவு காலம்?
கயிறு அவிழ்ந்த தோணிகள் இரண்டு
ஒன்றையொன்று கட்டிக்கொண்டு
கரையில் நிற்பதாக நினைத்தன.

ஓமந்தைச் சாவடி மாலையில் பூட்டுகிற காலம் அது.
மூன்று நாற்பது பஸ்ஸை நான்தான் அனுப்பினேன்.
மறுநாள் விடிய வந்தேன்.
முதல் நாள் ஏற்றி விட்ட மனிசி
என் வாங்கில் சுருண்டு கிடந்தா.
தலைக்கு உரப்பை.
அதற்குள் மருமகளின் பிள்ளைப்பேற்றுக்கு வாங்கிய
வெள்ளைத் துணிகள்.
"கண்ணுக்கு முன்னாலை பூட்டினவங்கள் தம்பி.
ரெண்டு நிமிசம்."
நான் என்ன சொன்னேன்?
மணிக்கூட்டைக் காட்டினேன்.
"பஸ் நேரத்துக்குத்தான் போனது அம்மா.
பள்ளிவாசல் நேரம். பிழைக்காது."
அவ தலையாட்டினா.
பள்ளிவாசலோடு ஆர் வாதாடுவினம்?

பிள்ளை பிறந்ததோ,
ஆணோ பெண்ணோ,
உரப்பை எந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததோ.

இதையெல்லாம் உவைஸிடம் சொல்லவில்லை.
சுற்றுலா வந்தவன் சொல்லுகிற கதையா இது?
வருகைப் புத்தகத்தை நீட்டினார்.
ஊர்: வவுனியா என்று எழுதினேன்.
தொழில் என்ற இடத்தில்
பேனை கொஞ்சம் நின்றது.
எழுதினேன்.
அவர் குனிந்து வாசித்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார்.
மறுபடியும் குனிந்து வாசித்தார்.

அப்போது ரோட்டுக்கு அந்தப் பக்கம்
மன்னார் பஸ் ஹோர்ன் அடித்தது.
எனக்குப் பதிலாக இன்றைக்கு யாரோ பெடியன்.
உவைஸின் கை
மணிக்கூட்டை நோக்கி எழுந்து
பாதியில் நின்றது.
பிள்ளையின் கைப்பேசியைப் பார்த்தார்.

"மகள், இப்ப எத்தனை மணி?"

ஒன்பது நிமிடம் முன்பின்னாகப் பேசிக்கொண்டே நின்றோம்,
மீன்களைப் பற்றி, அட்டன் குளிரைப் பற்றி.
பிறகு அவர் மைக்கடிக்குப் போனார்.
நான் முதல் தடவையாக
வாங்கில்லாத இடத்தில் நின்று
வாங்கு கேட்டேன்.
கைமணிக்கூட்டைத் தொடவில்லை.