பதினைந்தாம் நாள்

ஐந்து பேர் இருந்தால்தான் குழு கூடும்.
நான்கு பேர் வந்திருந்தார்கள்.
ஐந்தாமவர் ஜாலான் டூத்தாவில், வெள்ளத்தில்.
"இதோ திரும்பிவிட்டேன்" என்று
மூன்றாவது முறையாகச் செய்தி அனுப்பினார்.

நான் பெயரட்டைகளை நேராக்கினேன்,
நேராகவே இருந்தவற்றை.
தண்ணீர்ப் புட்டிகளின் முகத்தை
ஒரே பக்கம் திருப்பினேன்.
இந்த அறையில் என் வேலை
தலைகளை எண்ணுவது,
என் தலையைத் தவிர.

கவச வாகனங்கள், நாற்பத்தெட்டு.
வாங்கும் நாடு: கறுப்புக் கட்டம்.
பயன்பாடு: உள்நாட்டு ஒழுங்கு.
மேலட்டையில் கொட்டை எழுத்தில்
சடாங்கான். உத்தேசம்.
அதாவது இன்னும் நடக்கவில்லை.
நடக்கலாமா என்று நாடாளுமன்றத்தைக் கேட்கிறார்கள்.

கேட்பதற்கு ஒரு முறை வைத்திருக்கிறார்கள்.
கோப்பு வந்த நாளிலிருந்து பதினைந்து நாள்.
அதற்குள் குழு கூடி வேண்டாமென்றால் வேண்டாம்.
கூடாவிட்டால் சரி.
பெண் பார்க்க வந்த வீட்டில் கேட்பதுபோல்தான்,
குனிந்த தலை நிமிராவிட்டால் சம்மதம்.
இன்று பதினைந்தாம் நாள்.
மணி நாலே முக்கால்.

டாக்டர் ருஹாய்னி இரவெல்லாம் படித்திருக்கிறார்.
மஞ்சள் துண்டுத்தாள் ஒட்டி ஒட்டி
அவர் கோப்புக்கு இறகு முளைத்திருந்தது.
"இந்தக் கட்டத்துக்குள் யார்?" என்றார்.
தற்காப்பு அமைச்சின் அதிகாரி,
கூட்டம் தொடங்கினால் சொல்ல அனுமதி உண்டு என்றார்.
தொடங்கவில்லையே என்று வருத்தமும் பட்டார்.
எதிரே ஒருவர் கறிபாப்பைக் கடித்து,
உதிர்ந்ததை விரல்நுனியால் ஒற்றி எடுத்தார்
நாற்பத்தெட்டு என்ற எண்ணின் மேலிருந்து.

எனக்கும் நாட்டின் பெயர் தெரியாது.
நிறம் தெரியும்.
ஒரு மாதமாய் லோகேந்திரன்
செரண்டாவிலிருந்து கடைசி ரயிலில் வருகிறான்.
காதோரம், நகக்கண், புருவமுடி எங்கும்
தின்னர் போட்டுத் துடைத்தும் போகாத
வெளிறிய மஞ்சள்.
இங்கத்திய மண்ணில்லை அது.
இங்கே மண் சிவப்பு, மழை பெய்தால் இன்னும் சிவப்பு.
"எங்கேயோ பாலைவனம்" என்றான்
சோற்றைப் பிசைந்துகொண்டே.
நாற்பத்தொன்று முடிந்ததாம்.
மிச்சம் ஏழை தீபாவளிக்குள் முடிக்கவேண்டுமாம்.

நாற்பத்தொன்று முடிந்த உத்தேசம்.
அந்த ஓவர்டைமில்தான்
சென்தூல் வீட்டின் மூன்று மாதத் தவணை தீர்ந்தது.
ஐஸ்பெட்டி புதிது.
பழையதுபோல் இரவில் உறுமுவதில்லை.

ஐந்து மணி நாலு நிமிடத்துக்கு வந்தார் ஐந்தாமவர்,
காலணி கையில், முழங்கால்வரை ஈரம்.
வாசலில் நின்று எங்கள் முகங்களைப் பார்த்தார்.
அதிகாரி அதற்குள்
எல்லாருக்கும் நன்றி சொல்லி முடித்திருந்தார்.
"நான் கேட்டேன் என்றாவது எழுது" என்றார் டாக்டர்.
நடக்காத கூட்டத்துக்குக் குறிப்பேடு இல்லை, அம்மா.
இதை மலாயில் மரியாதையாகச் சொல்ல
எனக்கு நன்றாகத் தெரியும்.
சொன்னேன்.

பதிவேட்டில் எழுதினேன்: கோரம் இல்லை.
மலாயில்தான் எழுதினேன்.
தமிழில் அந்தச் சொல்லுக்கு
இன்னொரு பொருள் இருக்கிறது.
அதுவும் இல்லை என்றே
பதிவாகியிருக்கிறது.

நாற்காலிகளை உள்ளே தள்ளும்போது
தரையில் ஒரு மஞ்சள் துண்டு கிடந்தது.
பதினேழாவது கேள்வி:
உற்பத்தி தொடங்கிவிட்டதா?
டாக்டரின் எழுத்து. மருத்துவராய் இருந்தும்
படிக்க முடிகிற எழுத்து.
அந்த அறையில் அதற்குப் பதில் தெரிந்த ஒரே ஆள்
விளக்கை அணைத்துவிட்டுப் பூட்டினாள்.

குப்பையில் போட மனம் வரவில்லை.
கைப்பையில் கசங்கி வீடு வந்ததை
ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டினேன்,
ஏன் என்று கேட்டால் தெரியாது.
லோகா எப்போது வந்தான் என்றும் தெரியாது.
காலையில் அவன் போயிருந்தான்.
கேள்விக்குக் கீழே பென்சிலில்
மிச்சம் ஐந்து என்றிருந்தது.
அதற்கும் கீழே,
பால் தீர்ந்துவிட்டது என்று.