உராய்வு 0.2

மஞ்சக்குப்பத்தில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே
என் அலுவலகம். ஒரு மேசை, ஒன்றரை ஜன்னல்,
மீதி அரையில் ஏ.சி.யின் முதுகு.
பகலெல்லாம் ஒரு வங்கிக்குப் படிவம் செய்கிறேன்.
பெட்டிகள் நேர்கோட்டில் நிற்கும்.
பொத்தான்கள் மூச்சு விடாது.

ஒரு ராத்திரி, சும்மா,
அந்தப் பக்கத்துக்கு எடை கொடுத்தேன்.

முதலில் வங்கியின் சின்னம்
காதறுந்த கூடையாட்டம் ஒருக்களித்தது.
பிறகு மொத்தமாக
பெயர், தகப்பனார் பெயர், பின்கோடு
தடதடவென்று திரையின் அடியில்.
'சமர்ப்பி' மட்டும் குத்திட்டு நின்று, யோசித்து,
அப்புறம் விழுந்தது.
'நிபந்தனைகளை ஏற்கிறேன்' கோலிக்குண்டாய் உருண்டு
மூலையில் பதுங்கிக்கொண்டது.
கர்சர் கிட்டே போனால் நழுவுகிறது, கள்ளன்.
உராய்வைப் புள்ளி இரண்டாகக் குறைத்தேன்.
ஐஸ் மேல் கொட்டிய சங்கரா மாதிரி
எல்லாம் வழுக்கின.

தொகைக் கட்டத்துக்குத் தனி விதி:
எவ்வளவு எழுதுகிறோமோ அவ்வளவு கனம்.
ஐந்நூறு மிதக்கும்.
ஐம்பதாயிரம் பக்கத்துக் கட்டத்தை நசுக்கும்.

கலியவரதன் வந்தார்,
முதுநகரில் விசைப்படகுகளுக்கு இன்ஜின் பார்ப்பவர்.
கடன் புதுப்பிக்க ஆதார் நகல்; கீழே வரிசை;
மாடிப்படி நிழலுக்கு ஏறி, அப்படியே உள்ளே.
"கெட்டுப்போச்சா?"
"இல்லண்ணே, விழுது. தொட்டுப் பாருங்க."

இரண்டு லட்சம் அடித்தார்.
எண்கள் தரையைப் பிளந்துகொண்டு இறங்கின.
கடைசி சைபரை வாலாகப் பிடித்து
மேலே இழுத்து, சுற்றி, விசிறினார்.
சுவரில் மோதித் திரும்பிய அது
அவர் பெயரையே தட்டிச் சாய்த்தது.
சிரித்தார். மறுபடி விசிறினார்.
டீ ஆறி ஆடை கட்டியது.
"அலை உள்ள வந்தா
போட்டுல சாமான் இப்படித்தாம்மா
ஒரு மூலைக்குப் போயிடும்.
நாம இந்தப் பக்கம் உக்காரணும்"
என்று நாற்காலியில்
இடப்பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.

வெள்ளிக்கிழமை வங்கியில் பார்த்தேன்.
தொடுதிரை முன்னால் அவர்.
நிஜப் பக்கம். அதுவும் நான் செய்ததுதான்.
நிலுவை: ஒரு லட்சத்து எண்பத்து நாலாயிரம்.
ஒற்றை விரலால் அதைத் தொட்டுக்
கீழே இழுத்தார்.
இன்னொரு தரம், கொஞ்சம் அழுத்தி.
கண்ணாடியில் கிரீஸ் கோடு விழுந்தது,
தொகை விழவில்லை.

பின்னால் நின்றவர் "அண்ணே, சீக்கிரம்" என்றார்.
அப்போதுதான் என்னைக் கவனித்தார்.
கண்ணைச் சிமிட்டிவிட்டு
இயந்திரத்தை இரு கையாலும் பிடித்து
ஒரே ஒரு உலுக்கு,
காசாளர் எழுந்து நிற்கும் அளவுக்கு.