கை வைக்காதே

ராணிப்பேட்டை சிப்காட். கரண்ட் போய் யுபிஎஸ் கத்த,
தஸ்தகீர் எழுதிய சுட்டியைத் தூக்கினேன்,
நானூற்றுப் பன்னிரண்டு வரி.
தலையில் அவன் குறிப்பு: கை வைக்காதே.

எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று எண்ணும்;
கடைசி ஆள் விட்டால் அழிக்கும்.
இரண்டு திரெட் ஒரே கணத்தில் விட்டால்
ஒன்றைத்தான் கழிக்கும்.
தோல் இறக்கிய நாலாம் டிரம்
திரையில் விடியவிடியச் சுற்றும்.

ஸ்டாண்டர்ட் லைப்ரரியின் சுட்டியை வைத்தேன்.
நாலு நின்றது.
ஏழு நிற்கவில்லை:
டிரம் பம்பைப் பிடித்திருக்கிறது, பம்பு டிரம்மை;
யார் முதலில் விடுவது?

அழித்ததைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன்.
முந்நூற்றுத் தொண்ணூறாம் வரியில்
பம்பை மட்டும் எண்ணாமல் விட்டிருந்தான்,
ஒரு வார்த்தை விளக்கமில்லாமல்.

பம்புக்கு வீக் சுட்டி:
டிரம்மைப் பார்க்கலாம், பிடிக்கக் கூடாது.
அந்த வரிக்கு மேல்
அவன் குறிப்பை ஒட்டினேன்.