நாலுக்கும் காரணம் உண்டு

ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் வைத்திருக்கிறான் வெர்லின்.
கூட்டெனாய் ஆற்றில் தூண்டில் போடப் போகையில்
இடுப்பில் நாற்பத்துநாலு ரிவால்வர்.
கரடிக்கு, என்பான்.
இந்தப் பதினேழு வருடத்தில் கரடி எங்களிடம் கொண்டுபோனது
குருவிக்குத் தொங்கவிட்ட சூரியகாந்தி விதை மட்டும்.

லாரியில், இருக்கைக்கு அடியில், ஒன்பது மில்லிமீட்டர்.
ஸ்போக்கேன் வரை இரவில் மரம் ஏற்றிப் போகிறவனுக்கு
வழித்துணை வேண்டாமா?

அப்புறம் சட்டைப்பையில் அடங்குகிற சின்னது.
‘கோட்டு போடும் மாதத்துக்கு ஒன்று,
கோடைக்கு ஒன்று.
உனக்கு எதற்கு ஏழு ஜோடி செருப்பு?’
வாயை மூடிக்கொண்டேன்.
ஏழல்ல, ஒன்பது.

இருபத்திரண்டு, தகர டப்பாக்களுக்கு.
குண்டு மலிவு. கை பழகும். தோள் நோகாது.
வேலிக்கட்டையில் பீன்ஸ் டப்பா துள்ளி விழும்போது
பொய் சொல்வானேன்,
எனக்கும் சிரிப்பு வரும்.

ஞாயிறுதோறும் சாப்பாட்டு மேசையில்
செய்தித்தாள் விரித்து
நாலையும் கழற்றித் துடைப்பான்.
அன்று ரொட்டியிலும் எண்ணெய் மணக்கும்.

இன்னொன்று
அலமாரியின் மேல்தட்டில், பழுப்புக் காகிதப் பையில்.
ஷெரிப் அலுவலகத்துச் சீட்டு
கட்டிய கயிற்றோடு அப்படியே இருக்கிறது.
அவன் தம்பி ஆர்டெல் அதை வாங்கிய அன்று
கடையில் கூட நின்று
இரண்டு மூன்றைக் கையில் எடை பார்த்து
தேர்ந்து கொடுத்தவன் வெர்லின்தான்:
‘தனியா இருக்கிறவனுக்கு இது போதும்டா.
கைக்கு அடக்கம்.’

துருப் பிடிக்குமே, என்றேன் ஒருமுறை,
மேல்தட்டைப் பார்க்காமல்.

பிடிக்கட்டும், என்றான்.